நாலு பங்கு பாஸ்வேர்டு

முட்டாள்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ராஜா காலத்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் இறங்கி, பாத்திரக்கடை ஏகாம்பரம் வீடு எது என்று கேட்டால் போதும். வழி சொல்வதற்கு முன்னால் அந்த ஆள் ஒரு தரம் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அந்தப் பக்கம் நடக்க வேண்டியதுதான்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் நாலு பேர். மூத்தவர் ஏகாம்பரம், அடுத்தவர் கச்சபேசன், மூன்றாமவர் மாசிலாமணி, கடைக்குட்டி வாமதேவன். கடைக்குட்டிக்கு வயது ஐம்பத்தொன்று. கெட்டவர்கள் இல்லை. சூது வாது தெரியாது. மற்றதும் தெரியாது. அவர்கள் அப்பா கண்ணை மூடும்போது, "எதுவா இருந்தாலும் நாலு பேரும் சமமா வச்சுக்குங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வாழைப்பழம் முழுசாக ஒரே ஆள் வாய்க்குள் போனதில்லை.

தம்பிகளின் மனைவிமார் மூன்று பேரும் மகள் பிரசவம், பேரன் ஸ்கூல், மூட்டு வைத்தியம் என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்து வெளியூர் போய்விட்டார்கள். திரும்பி வரும் தேதியை மட்டும் யாரும் சொல்லவில்லை. காரணம் எதுவும் அகப்படாமல் மாட்டிக்கொண்டவள் ஏகாம்பரத்தின் மனைவி மனோரஞ்சிதம். வேலூரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஒரு விஷயத்தை ஒரு தரம் சொன்னால் புரிந்துகொள்ள வேண்டும் என்று அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள். புரிந்துகொள்ளாத நாலு பேருக்கு முப்பது வருஷம் சோறு போடுவது எப்படி என்று பாடத்திட்டத்தில் இல்லை.

வம்பு ஆடி மாசத்தில் ஆரம்பித்தது. வாலாஜாபேட்டையிலிருந்து நாத்தனார் பங்கஜவல்லி போன் செய்தாள். நாலு அண்ணன்களுக்கு ஒரே தங்கை. அண்ணன்களுக்கு வர வேண்டிய மூளையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவள்.

"அண்ணி, அம்மாவோட காசுமாலை உங்ககிட்டதானே இருக்கு? அது எனக்குன்னு வச்சிருந்தது. உங்க கல்யாணத்தன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கத்தான் குடுத்தாங்க. ஆவணி முதல் ஞாயித்துக்கிழமை வர்றேன், எடுத்து வைங்க."

"முப்பது வருஷமா அந்த ஒரு நாள் இன்னும் முடியலையா பங்கஜம்?"

"பெருந்தன்மையா விட்டுட்டேன் அண்ணி. இப்ப என் பொண்ணுக்குக் கல்யாணம்."

மாமியார் மணமேடையிலேயே அந்த மாலையை ரஞ்சிதத்தின் கழுத்தில் போட்டு, "இது உனக்குத்தான்" என்று தன் வாயால் சொல்லியிருந்தார். மாமியாரும் இப்போது இல்லை. ஆனால் கல்யாண வீடியோ கேசட் இருந்தது.

ஏகாம்பரம் தம்பிகளைக் கூட்டி வைத்து நியாயம் பேசினார்.

"அம்மா யாருக்குன்னு சொல்லியிருக்காங்களோ அவங்களுக்கு. கேசட்ல கேட்டாத் தெரிஞ்சுடும்."

"கேக்க முடியலைன்னா அண்ணே?" என்றார் கச்சபேசன்.

"அப்ப சமமா பிரிச்சுட வேண்டியதுதான். பங்கஜத்தையும் சேர்த்து அஞ்சு பங்கு."

"மாலையில அம்பத்தோரு காசு. ஆளுக்குப் பத்து போக ஒண்ணு நிக்குதே."

நாலு பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் வாமதேவன் முகம் மலர்ந்தது. "கடையில தகரம் வெட்டற கத்தரி இருக்கு அண்ணே. அந்த ஒண்ணை அஞ்சா வெட்டிடலாம்."

ரஞ்சிதத்துக்கு அவர்களைத் தெரியும். இவர்கள் சும்மா பேசுகிறவர்கள் இல்லை, வெட்டியே விடுவார்கள்.

கேசட்டை எடுத்துக்கொண்டு அவளே ஸ்டூடியோவுக்கு ஓடினாள். பூஞ்சை பிடித்துக் கிடந்த கேசட் ஒரே ஒரு தரம் ஓடி, உதிர்ந்து போனது. ஓடின அந்த ஒரு தரத்தில் ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார். டப்ளினில் நெட்வொர்க் எஞ்சினியராக இருக்கும் மகள் அமுதினி, "கவலைப்படாதம்மா. வீட்டுக்கே ஒரு சர்வர் போட்டுடலாம். வீடியோ, படம், பாட்டு எல்லாம் ஒரே பெட்டியில இருக்கும். டிவியில போட்டுப் பாத்துக்கலாம்" என்று சொல்லி, பெட்டியை அனுப்பிவைத்தாள். கூடவே, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஐந்து வரியில் அப்பாவுக்கு ஒரு கடிதமும் எழுதினாள். கெட்டிக்காரப் பெண்தான். பெட்டியை அனுப்பினவள் கடிதத்தை அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

கடிதத்தின் முதல் வரி: 'வீட்டைப் படமாக வரைந்து, பெட்டி எங்கே, டிவி எங்கே, ஒயர் எங்கே என்று குறித்துக்கொள்ளவும்.'

மாசிலாமணிக்கு ஓவியம் வரும். வீட்டை வாசல், மாடி, கம்பி கேட்டோடு வரைந்தார். பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் தென்னை மரம். போட்டோ எடுத்து டப்ளினுக்கு அனுப்பினார்கள்.

"சித்தப்பா, இதுல ரவுட்டர் எங்க இருக்கு?" என்றாள் அமுதினி.

"சூரியனுக்குப் பின்னாடிம்மா, தெரியாது."

போனை வைத்த பிறகு ஏகாம்பரம் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "மணி, நம்ம வீட்ல தென்னை மரமே இல்லையேடா?"

"ஆமாண்ணே."

"பிளான்ல இருக்கிறது வீட்ல இல்லைன்னா நாளைக்கு வேலை எப்படிடா சரியா வரும்?"

அன்று சாயங்காலமே ஒரு தென்னங்கன்று வாங்கி வந்து நட்டார்கள். மலைக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் விவாதித்துவிட்டு, அது தூரத்தில்தான் இருக்கிறது, அவசரமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது வரி: 'பெட்டியைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும். சூடாகாமல் பார்த்துக்கொள்ளவும்.'

அந்த வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான். ரஞ்சிதத்தின் படுக்கையறை. நாற்பத்தொன்பது வயதில் உடம்பு அடுப்பாய்க் கொதிக்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்டு, மகள் போன வருஷம் ஏசி வாங்கிக் கொடுத்திருந்தாள். அந்தக் கட்டிலில் இப்போது பெட்டி ஏறியது. ரஞ்சிதம் கூடத்துக்கு வந்தாள், ஒரு பாயோடும் விசிறியோடும்.

"முப்பது வருஷம் அந்தச் சமையல்கட்டுல வெந்தேன். ஒருத்தர் கேட்டீங்களா, சூடா இருக்கான்னு?" என்றாள்.

"உன் விஷயமா கடிதம் எதுவும் வரலையே ரஞ்சிதம்" என்றார் ஏகாம்பரம். குத்தல் எதுவும் இல்லை, உண்மையைத்தான் சொன்னார்.

மணிக்கொரு தரம் ஒரு தம்பி காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைப் பெட்டிக்கு அடியில் செருகி எடுத்து, "நார்மல்" என்று சொல்லிவிட்டு வந்தார். குளிரில் பெட்டி விறைத்துப் போயிருக்கிறதே என்று வாமதேவன் இரக்கப்பட்டு ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டார். பெட்டி கொதித்தது. "காய்ச்சல் கண்டுடுச்சு" என்று கச்சபேசன் ஈரத்துணியோடு ஓடிவந்தபோது ரஞ்சிதம் குறுக்கே நின்று, கம்பளியை உருவி அவர் தலைமேலேயே போட்டாள்.

மூன்றாவது வரி: 'வைஃபையை விட ஒயர் நல்லது. ஒயரை மடக்கக் கூடாது, நறுக்கக் கூடாது.'

அமுதினி அனுப்பியிருந்த ஒயர் முப்பது மீட்டர். படுக்கையறையிலிருந்து கூடத்து டிவிக்குப் பத்து மீட்டர் இருக்கும். நாலு பேரும் ஒயரை மடக்காமல், நறுக்காமல், நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கூடத்தைத் தாண்டினார்கள். வாசலைத் தாண்டினார்கள். தெருவைத் தாண்டினார்கள். ஒயர் முடிந்த இடம் எதிர்வீட்டுத் தையல்கடை.

"சரி, டிவியைக் கொண்டாங்க" என்றார் ஏகாம்பரம்.

தையல்காரர் யாகூப் நல்ல மனிதர். இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள், அளவு கொடுக்க வந்த பெண்கள் எல்லாரும் உள்ளே டிவியையும் நாலு ஆம்பிளைகளையும் பார்த்துத் திரும்பிப் போகிறார்கள் என்று ரஞ்சிதத்திடம் வந்து கைகூப்பினார். ரஞ்சிதம் டிவியைத் தூக்கி வரச் சொன்னாள். மிச்ச ஒயரைப் கொடிக்கயிறு சுற்றுகிற மாதிரி வட்டமாகச் சுற்றி அலமாரிக்குப் பின்னால் போட்டாள். நாலு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

"செத்துடுச்சா அண்ணி?" என்றார் வாமதேவன்.

"நான்தான் சாகணும்" என்றாள் ரஞ்சிதம். டிவி ஓடியது.

நாலாவது வரி ரஞ்சிதத்துக்குத் தெரியாமல் நடந்து முடிந்துவிட்டது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். 'ஒரு டிஸ்க் பெட்டிக்குள் இருக்கட்டும். இன்னொன்றை வீட்டுக்கு வெளியே வைக்கவும். ஒன்று போனாலும் இன்னொன்று உதவும்.'

அப்படியே செய்தார்கள். இரண்டாவது டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டு, கம்பி கேட்டுக்கு வெளிப்பக்கமாக மாட்டிவைத்தார்கள். மறுநாள் காலை குப்பை வண்டி வந்தது. கேட்டில் மாட்டியிருக்கும் பையை எடுத்துப் போவதுதான் அந்த வண்டியின் வேலை.

"எங்கே அது?" என்று கத்தினாள் ரஞ்சிதம்.

"வெளியதான் அண்ணி இருக்கு" என்றார் மாசிலாமணி பெருமையாக. "நாங்க வச்சதைவிட இன்னும் ரொம்ப வெளிய போயிடுச்சு."

ஆக, காசுமாலைக்கு மிச்சமிருந்த சாட்சி ஒன்றே ஒன்று. பெட்டிக்குள் இருக்கிற டிஸ்க். ரஞ்சிதம் அன்றைக்கே அந்த வீடியோவைப் பார்த்துவிடலாம் என்று கூடத்துக்கு வந்தாள். அங்கே ஐந்தாவது வரி நடந்துகொண்டிருந்தது.

'பாஸ்வேர்டு பெரிதாக, இருபது எழுத்தாவது இருக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது.'

"இருபதை நாலாப் பிரி" என்றார் ஏகாம்பரம்.

"ஆளுக்கு அஞ்சு அண்ணே. மிச்சம் வரலை" என்றார் கச்சபேசன். கத்தரிக்கு வேலையில்லாமல் போனதில் வாமதேவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒருவர் டிவியோடு இணைத்த கீபோர்டில் தன் பங்கு ஐந்து எழுத்தை அடிக்கும்போது மற்ற மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். மூத்தவர் அடித்தார். இரண்டாமவர் அடித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாசிலாமணியைப் பாதியில் எழுப்பி வந்தார்கள். அவரும் அடித்தார். கடைசியாக வாமதேவன். பெட்டி திறந்தது. பாஸ்வேர்டு என்னவென்று ரஞ்சிதம் கேட்டாள்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு உன் பொண்ணுதானே எழுதியிருக்கா?" என்றார் ஏகாம்பரம். "நீ வேணும்னா சொல்லு, எப்பவும் திறந்தே வச்சிடறோம்."

இது ஒன்றுதான் அவர்கள் சொன்னதில் உருப்படியாகப் பட்டது. சரி என்று விட்டாள். வீடியோவையும் அவள் பெயரைப் போட்ட ஒரு ஃபோல்டருக்குள் வைத்தார்கள். பார்க்க உட்காருவதற்குள், ஐந்து பேரும் ஒன்றாகப் பார்த்தால்தான் நியாயம், பங்கஜம் வராமல் ஒருத்தரும் பார்க்கக் கூடாது என்று ஏகாம்பரம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆவணி பிறந்தது. முதல் சனிக்கிழமை மத்தியானம் வாமதேவன் வந்து, "அண்ணி, பெட்டியைக் குளிப்பாட்டிட்டேன்" என்றார்.

ரஞ்சிதம் அறைக்கு ஓடினாள். நல்லவேளை, குளிப்பாட்டல் என்றது உலர்ந்த துணியால் துடைத்ததைத்தான். ஆனால் துடைப்பதற்காகப் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். பெட்டி மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது.

நாலு பேரும் வரிசையில் நின்றார்கள். ஏகாம்பரம் அடித்தார், கச்சபேசன் அடித்தார். மாசிலாமணி கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, அமைதியாகச் சூழ்நிலையை ரசித்துக்கொண்டிருந்தார்.

"அடிங்க தம்பி" என்றாள் ரஞ்சிதம்.

"எனக்குத் தெரியாது அண்ணி."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கறதுக்கு முதல்ல தெரிஞ்சிருக்கணுமில்ல? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. யாருக்கும்னா நானும் அதுல சேர்த்திதானே? அதனால கண்ணை மூடிக்கிட்டு அடிச்சேன்."

மற்ற மூன்று பேரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். "நமக்குத் தோணலையேடா" என்றார் ஏகாம்பரம்.

ரஞ்சிதம் டப்ளினுக்குப் போன் போட்டாள். அமுதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மா, பின்னாடி ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினா பாஸ்வேர்டு போயிடும், ஆனா உள்ள இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிடும். யாரும் கிட்டயே போகாதீங்க. இன்னொண்ணு, மூணு தடவை தப்பா அடிச்சா ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கும்" என்றாள்.

பட்டனுக்கு முன்னால் ரஞ்சிதமே பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். ஏசியிலாவது படுக்கக் கிடைத்ததே.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பங்கஜவல்லி வந்து இறங்கினாள். கையில் பட்டுத்துணி விரித்த காலி நகைப்பெட்டி. கூடத்தில் சட்டமாக உட்கார்ந்து, "எங்க அண்ணி அந்த சினிமா? போடுங்க பாப்போம்" என்றாள். பக்கத்து ஸ்டூலில் வாமதேவன் கத்தரியை எண்ணெய் போட்டுத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

முதல் முயற்சிக்கு மாசிலாமணியின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். அன்றைக்கு உட்கார்ந்த அதே ஸ்டூல், அதே சட்டை. "விரலுக்கு ஞாபகம் இருக்கும், அது போற போக்குல விடு" என்றார் கச்சபேசன். விரல் போன போக்கில் ஐந்து எழுத்து விழுந்தது. தப்பு.

இரண்டாவது முயற்சிக்கு முன்னால், அன்றைக்கு அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்ததை ஏகாம்பரம் நினைவுபடுத்தினார். பாதி வயிறு சோறு போட்டு, கை கழுவ வைத்துக் கூட்டி வந்தார்கள். தப்பு.

"இன்னும் ஒரு தடவைதானா?" என்று பங்கஜம் நகைப்பெட்டியைத் திறந்து, பட்டுத்துணியை நீவிவிட்டாள். "எனக்கொண்ணும் அவசரமில்ல. அஞ்சு பங்குன்னாலும் சரிதான். எங்க அண்ணன்களோட பங்கை அவங்க மருமகளுக்குச் சீராப் போட்டுடுவாங்க. இல்லையா பெரியண்ணே?"

நாலு அண்ணன்களும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

ரஞ்சிதம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கறுப்புக் கட்டைகளில் ஒன்றே ஒன்றின் மேல் பழுப்பாக ஒரு கறை காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். பூண்டு, வெந்தயம், நல்லெண்ணெய். அவள் வைத்த வத்தக்குழம்பு அவளுக்குத் தெரியாதா? மற்ற கட்டைகளில் துளி கறையில்லை. கண்ணை மூடிக்கொண்ட மாசிலாமணி, விரலை நகர்த்துகிற சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அடிங்க எல்லாரும், முதல்லேருந்து" என்றாள். முதலிரண்டு பேர் அடித்தார்கள். மாசிலாமணியின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, "கண்ணை மூடுங்க" என்று சொல்லி, குழம்புக் கட்டையின் மேல் வைத்து ஐந்து தரம் அழுத்தினாள். வாமதேவன் அடித்து முடித்தார்.

பெட்டி திறந்தது. பங்கஜத்தின் முகம் மூடிக்கொண்டது.

டிவியில் கல்யாண மண்டபம் விரிந்தது. ரஞ்சிதம் கழுத்து நிறைய மாலையோடு, இருபது கிலோ குறைவாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை ஏகாம்பரம் எங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடையேறி வந்தார் மாமியார், கையில் காசுமாலை.

"அம்மா!" என்று நாலு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். அம்மா முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. டிவிக்கு நேர் முன்னால், வரிசையாக, கைகட்டி நின்றார்கள். ரஞ்சிதத்துக்கும் பங்கஜத்துக்கும் நாலு முதுகுதான் தெரிந்தது.

"நகருங்க!" என்று கத்தினாள் ரஞ்சிதம்.

"உஷ்!" என்றார் ஏகாம்பரம். "அம்மா பேசப் போறாங்க. அவங்க பேசறப்ப இந்த வீட்ல ஒரு சத்தம் வரக் கூடாது."

சொன்னபடி, ரிமோட்டை எடுத்து மியூட்டை அழுத்தினார்.

அம்மா பேசினார். நாலு பேரும் நெகிழ்ந்து போய்ப் பார்த்தார்கள். கச்சபேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன சொன்னாங்க?" என்று பங்கஜம் கேட்டதற்கு, "கேக்கலை. ஆனா எவ்வளவு அழகாச் சொன்னாங்க!" என்றார்.

ரஞ்சிதம் முதுகுகளுக்கு நடுவே முழங்கையை விட்டு உள்ளே நுழைந்தாள். ரிமோட்டைப் பிடுங்கினாள். படத்தைப் பின்னால் ஓட்டி, சத்தத்தை உச்சத்தில் வைத்தாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி மாமியாரின் குரல் எழுந்தது.

"இந்தாம்மா ரஞ்சிதம். இது உனக்குத்தான், நீயே வச்சுக்கோ. நாளைக்குப் பங்கஜம் வந்து ஏதாவது கதை சொல்லுவா, குடுத்துடாத. இன்னொண்ணும் சொல்றேன், மனசுல வச்சுக்கோ. என் பசங்க நாலு பேர் இருக்கானுங்க பாரு, இவனுங்க கையில மட்டும் எதையும் குடுத்துடாத."

எதிர்வீட்டுத் தையல் மிஷின் நின்றது. பங்கஜவல்லி எழுந்தாள். காலி நகைப்பெட்டியை டப்பென்று மூடினாள். "மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

ரஞ்சிதம் உள்ளே போய் பீரோவைத் திறந்து, காசுமாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஐம்பத்தொன்றும் முழுசாக இருந்தது. வந்த சந்தோஷத்தில், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே அவர்களுக்குக் காப்பி போட்டாள். நாலு டம்ளரைத் தட்டில் வைத்து எடுத்து வந்து நீட்டினாள்.

நாலு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"என்ன?"

"அம்மா சொன்னது காதுல விழலையா?" என்றார் ஏகாம்பரம் கண்டிப்பாக. "எங்க கையில எதையும் குடுக்கக் கூடாது."

"அப்ப காப்பி?"

அண்ணன் தம்பிகள் தனியாகப் போய்க் கூடிப் பேசினார்கள். திரும்பி வந்து, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து வாயைத் திறந்தார்கள்.

"நாலு பேருக்கும் சமமா ஊத்துங்க அண்ணி" என்றார் கச்சபேசன்.

வாமதேவன் மட்டும் ஒரு நிமிஷம் வாயை மூடி, "எனக்குக் கொஞ்சம் ஆத்தி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் திறந்துகொண்டார்.